பெட்டிக்குள்ள படுத்துப் படிச்ச முதுமாணி

இப்பவும் கிழமைக்கு ரெண்டு தரம் சாகிறன். முந்தி ஒரு தரம்தான். காலமை வெள்ளவத்தையில பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில இறங்கி, கன்டீனில ஒரு பிளேன்டீ குடிச்சு, வெள்ளைச் சீலையைச் சுத்திக்கொண்டு சவப்பெட்டிக்குள்ள ஏறிப் படுப்பன். கையில செபமாலை வைப்பினம். தலைமாட்டில மெழுகுதிரி கொளுத்துவினம். வகுப்பு முடிய எழும்பி, சீலையை மடிச்சு வைச்சிட்டு, வருகைப் புத்தகத்தில கையெழுத்துப் போட்டிட்டுப் போய் என்ர விரிவுரையில இருப்பன். சிரிக்கிறவை சிரியுங்கோ. சமயத்தில முதுமாணி, அதுதான் மாஸ்டர்ஸ், செய்ய வெளிக்கிட்டவளுக்குக் கிடைச்ச தொழில் இதுதான்.

நாடு நொடிஞ்சுபோய், காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் ரோட்டில படுத்துக் கிடந்த காலத்தில, நான் வேலை செய்த காப்புறுதிக் கொம்பனி ஆக்களைக் குறைச்சது. குறைஞ்ச ஆக்களில நானும் ஒண்டு. வேற வேலை தேடாமல், சமயம் படிக்கப் போறன் எண்டு சொன்னன். அம்மா கையில இருந்த அகப்பையைக் கீழ வைச்சிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. கனடாவில இருக்கிற மாமி வீடியோவில வந்து, "கணக்கியல் படிச்சா இஞ்ச எடுக்கலாம். சமயம் படிச்சு என்ன, ஐயராகப் போறியோ?" எண்டு கேட்டா. ஐயராக விடுவினமெண்டா அதையும் செய்வன் மாமி எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு ஒரு மாதம் மாமி கதைக்கேல்லை. பெரிய நிம்மதி.

சும்மா விசருக்கு எடுத்த முடிவில்லை அது. அப்பாவின்ர செத்தவீட்டில, ஐயர் சுண்ணம் இடிக்கச் சொன்னார், இடிச்சம். குடத்தைத் தோளில வைச்சுச் சுத்தச் சொன்னார், தம்பி சுத்தினான். ஏன் இதெல்லாம் எண்டு கேட்டன். "பிள்ளை, நேரம் போகுது" எண்டார். பொரளைச் சுடலைக்குக் கொண்டுபோற நேரம் வந்திட்டுதாம். அப்பாவை அனுப்பினது எனக்கு விளங்காத ஒரு பாஷையிலதான் எண்டது நெஞ்சுக்குள்ள கிடந்து அரிச்சுக்கொண்டே இருந்தது. அதை விளங்கிக்கொள்ளவேணும் எண்டு ஒரு பிடிவாதம். என்ர பிடிவாதம் எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனையில ஒரு கல்வி நிறுவனம் இருக்கு. நடத்துறது கிறிஸ்தவ ஆக்கள். ஆனா சமய ஒப்பியல் முதுமாணிக்கு எந்தச் சமயத்தாரும் போகலாம், தமிழிலயும் எழுதலாம். அதே வளவுக்குள்ள குருமாணவரையும் பயிற்றுவிக்கினம். எல்லாரும் அவையளை பிரதர் எண்டுதான் கூப்பிடுறது. மரணச் சடங்குகளைப் பற்றி ஆய்வு செய்யப்போறன் எண்டு சொன்ன உடன என்னை எடுத்திட்டினம். கட்டணத்தைக் கேட்டன் பாருங்கோ, அப்பிடியே கதிரையில இருந்திட்டன். எங்களிட்ட விக்கிறதுக்கு ஒண்டும் மிச்சம் இல்லை. அம்மாவின்ர காப்பும் காஸ் வரிசைக் காலத்திலயே போயிட்டுது.

அப்பதான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு சைவ அறக்கட்டளை புலமைப்பரிசில் குடுக்குது எண்டு கேள்விப்பட்டன். வருஷத்துக்கு ஒரு ஆளுக்குத்தான். ரெண்டாம் வருஷமும் வேணுமெண்டா திரும்ப விண்ணப்பிக்கவேணும். நேர்முகத்தில வேட்டி சால்வையோட இருந்த பெரியவை என்னைப் பிச்சுப் பிடுங்கினவை. "வேதக்காரற்ற இடத்தில சைவப்பிள்ளைக்கு என்ன அலுவல்?" எண்டு ஒருத்தர். மற்ற இடங்களில தமிழில எழுத விடமாட்டினம் ஐயா எண்டன். செயலாளர் ஐயா, பென்ஷன் எடுத்த ஒரு மெல்லிய மனிசன், மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, "தங்கச்சி, திருநீறு பூசாமல் அந்த வாசல்படி மிதிக்கக்கூடாது, சரியோ?" எண்டார். சத்தியமாப் பூசுவன் எண்டன். தந்தவை. அந்த வருஷம் முழுக்கப் பூசிக்கொண்டுதான் போனனான்.

புலமைப்பரிசில் படிப்புச் செலவுக்குத்தான் காணும். பஸ்ஸுக்கும் சோத்துக்கும் வளவுக்குள்ளயே மாணவருக்கு வேலை குடுப்பினம். லைப்ரரி வேலையை ஆரோ பிடிச்சிட்டினம். கன்டீனும் போச்சு. மிஞ்சினது "செய்முறை வகுப்பு உதவியாளர்" எண்டு ஒண்டு. மற்ற வேலையளை விட மணித்தியாலக் கொடுப்பனவு கூட. புரொஜெக்டர் பூட்டுற வேலையாக்கும் எண்டு நினைச்சுச் சந்தோஷமா ஓம் எண்டிட்டன். இவ்வளவு நல்ல வேலையை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்லை.

முதல் நாள் வகுப்புக்குள்ள போறன், நடுவில ஒரு பெட்டி. புதுசு. வார்ணிஷ் மணக்குது. பக்கத்தில வகுப்பு எடுக்கிற ஃபாதர் நிக்கிறார், நரைச்ச தாடி, கறுத்த பிரேம் கண்ணாடி. "வாங்கோ மகள், ஏறுங்கோ" எண்டார்.

"எதுக்குள்ள ஃபாதர்?"

"பெட்டிக்குள்ளதான்."

ஃபாதர் ஆறுதலா விளங்கப்படுத்தினார். பிரதர்மார் அடக்கச் சடங்கு பழகவேணும். முந்தித் தலைகாணி வைச்சுத்தான் பழகினவையாம். தலைகாணிக்கு முன்னால நிண்டு பழகினவர், உண்மையான செத்தவீட்டில ஒரு முகத்தைக் கண்ட உடன நாக்குக் குழறி நிண்டிட்டாராம். மனிச முகத்துக்கு முன்னால நிண்டு பழகவேணும் எண்டு ஃபாதருக்கு ஒரே பிடி. ஆனா பிரதர்மார் ஒருத்தரும் படுக்கமாட்டினம். அபசகுனமாம். மறுவாழ்வைப் பற்றி மணிக்கணக்காப் பிரசங்கம் வைக்கிற பொடியங்கள், ஒரு பலகைப் பெட்டிக்குப் பயம். "நீங்கள் மரணச் சடங்கு ஆய்வு செய்யிற ஆள்தானே மகள்?" எண்டு கேட்டார் ஃபாதர். அந்த மனிசன் என்னைத் தெரிஞ்சுதான் பிடிச்சவர்.

பெட்டி அந்த ரோட்டிலயே இருக்கிற சவப்பெட்டி விக்கிற ஒரு மலர்ச்சாலையில இருந்து இரவலுக்கு வந்தது. கொண்டுவந்த சிங்கள அண்ணை இன்னும் போகேல்லை. நான் செருப்பைக் கழட்டிட்டு, கடவுளே அம்மாளாச்சி எண்டு ஏறிப் படுத்த உடன எட்டிப்பார்த்து, "மிஸ், சைஸ் ஹரித?" எண்டு கேட்டார். அளவு சரியோவாம். சீலைக்கடையில கேக்கிற கேள்வியை ஒரு மனிசன் எனக்குச் சவப்பெட்டிக்குள்ள வைச்சுக் கேட்டார். "ஹரி" எண்டன். வேற என்ன சொல்லுறது?

முதல் கிழமை பயத்தில நெஞ்சு அடிச்ச அடி வெளியில கேட்டிருக்கும். ரெண்டாம் கிழமை மூக்கில நுளம்பு இருந்தது, பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். மூண்டாம் கிழமை நித்திரையே வந்திட்டுது. ஒருநாள் ஒரு பிரதர் புத்தகத்தில ரெண்டு பக்கத்தை ஒண்டாப் பிரட்டிப்போட்டு, எனக்குச் சொல்லவேண்டிய செபத்தை விட்டிட்டுக் கலியாண ஆசீர்வாதத்துக்குள்ள போயிட்டார். பொறுத்துப் பார்த்தன். கண்ணைத் திறக்காமல், "பிரதர், எனக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கேல்லை" எண்டன். புத்தகம் ஒரு பக்கம், மெழுகுதிரி ஒரு பக்கம். பாவம், அவருக்குத் தண்ணி குடுத்துத்தான் கதிரையில இருத்தினவை.

ஆனா பகிடியை விட்டிட்டுச் சொல்லுறன், லைப்ரரியில கிடைக்காத படிப்பு எனக்கு அதுக்குள்ளதான் கிடைச்சது. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற ஆளுக்கு மேல, உயிரோட இருக்கிறவை என்னென்ன சொல்லுகினம், எந்த இடத்தில குரல் இறங்குது, எந்த இடத்தில வாசிச்சு முடிச்சால் காணும் எண்டு ஓடுகினம், எல்லாம் கேக்கும். வீட்ட வந்து எழுதுவன். ஆய்வேட்டின்ர ரெண்டு அத்தியாயம் அப்பிடி வந்ததுதான். ரெண்டாம் வருஷத்துக்கும் புலமைப்பரிசில் வந்திட்டா மிச்சத்தையும் எழுதி முடிச்சிடலாம். வராட்டி, முடிஞ்சுது, வீட்டதான். விண்ணப்பம் குடுத்திட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன். எனக்குத்தான் திரும்பக் கிடைக்கும், கவலைப்படாதேங்கோ எண்டு செயலாளர் ஐயாவே சொல்லியிருந்தவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பரீட்சைச் செய்முறை. பிரதர்மார் ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தர் வந்து என்னை அடக்கம் செய்தவை. காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் செத்துக்கொண்டே இருந்தன். ஃபோன் கைப்பையில, சத்தமில்லாமல். பரீட்சை எண்டபடியால் உண்மையான பூ வாங்கி வைச்சிருந்தவை, முகத்துக்குக் கொஞ்சம் பவுடரும் போட்டுவிட்டவை. திருநீற்றை மட்டும் அழிக்க விடமாட்டன் எண்டு நிண்டனான். பவுடருக்கு அடியில அது தெரியேல்லைப்போல.

பின்னேரம் வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் படியேறி வாறன், கதவடியில செருப்பு. ஒண்டு ரெண்டில்லை, குவியலா. உள்ளுக்கு அழுகைச் சத்தம். அம்மாவுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டுதான் நினைச்சன். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போறன், அம்மா நடுவில நிலத்தில இருக்கிறா, தலைமயிர் அவிண்டு கிடக்கு. சுத்திவர வெள்ளைச் சீலையோட அன்ரிமார். கீழ்வீட்டு அன்ரி என்னைக் கண்டிட்டு "ஐயோ!" எண்டு கத்தினா. கத்திப்போட்டு அப்பிடியே சோஃபாவில விழுந்திட்டா.

அம்மா எழும்பி வந்தா. கட்டிப்பிடிக்கப் போறா எண்டு நினைச்சன். ஓங்கி ஒரு அறை விட்டா. கன்னம் எரிஞ்சுது. பிறகுதான் கட்டிப்பிடிச்சா. கட்டிப்பிடிச்சுக்கொண்டு நடுங்கினா பாருங்கோ, அந்த நடுக்கம் எனக்குள்ளயும் வந்திட்டுது. நானும் குழறி அழுதன். என்னத்துக்கு அழுறன் எண்டு அப்பவும் எனக்குத் தெரியாது.

நடந்தது என்னெண்டா, ஒரு பிரதர் என்னைப் பெட்டிக்குள்ள படம் எடுத்து, "இண்டைக்கு எங்கட செய்முறைப் பரீட்சை" எண்டு எழுதித் தங்கட வட்ஸப் குழுவில போட்டிருக்கிறார். அதில இருந்து ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்ப, எழுத்து எங்கயோ கழண்டு விழுந்து படம் மட்டும் பயணம் போயிருக்கு. வெள்ளவத்தைக் குழு ஒண்டுக்குள்ள வந்த உடன ஆரோ என்னை அடையாளம் பிடிச்சு "ஆழ்ந்த அனுதாபங்கள்" எண்டு போட்டிட்டினம். அதுக்குப் பிறகு கேக்கவேணுமே? கைகூப்பிற படம், பூப்படம், ஓம் சாந்தி. ஒருத்தர் எனக்குச் சலரோகம் எண்டும் எழுதியிருந்தார். கோதாரி, எனக்கு எங்கயடா சலரோகம்? நான் உயிரோட இருக்கிறன் எண்டு நானே எழுதிப் போட்டன். அதுக்குக் கீழயும் ஒருத்தர் கைகூப்பிற படம் போட்டார்.

இதுகூடப் பரவாயில்லை. வந்திருந்ததில அப்பாவின்ர பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, நான் முன்னால நிக்கேக்குள்ளயே, படத்தில என்ர கையில இருந்த செபமாலையைப் பெருப்பிச்சுப் பார்த்துக்கொண்டு சொன்னா: "செத்தது எண்டு கேட்ட உடன தாங்கிக்கொண்டன். ஆனா வேதத்துக்கு மாறிச் செத்திட்டாளே எண்டதைத்தான் தாங்கேலாமல் போச்சு." பெரியம்மா, நான் சாகவும் இல்லை, மாறவும் இல்லை எண்டன். "சரி சரி, ரெண்டும் இல்லாட்டி நல்லதுதானே" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி கேட்டா.

அம்மா வெள்ளைச் சீலைக்காரர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. செத்தவீட்டுக்கு வந்தவை கலியாணவீட்டுக் கதை கதைச்சுப்போட்டுப் போச்சினம். அதோட முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சன்.

அடுத்த நாள் காலமை, எதுக்கும் செயலாளர் ஐயாவுக்கு முகத்தைக் காட்டுவம் எண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனன். காலி வீதியில, ஒரு நகைக்கடைக்கு மேல் மாடி. நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனன். கதவைத் திறந்த உடன ஐயா கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, "தங்கச்சி... நேற்றைக்கு உமக்கு மௌன அஞ்சலி செலுத்தினனாங்கள்" எண்டார்.

"நன்றி ஐயா" எண்டன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் அவையின்ர மாதக்கூட்டமாம். எழும்பி நிண்டு அஞ்சலி செலுத்திப்போட்டு இருந்தவை, அடுத்த விஷயமா என்ர புலமைப்பரிசிலை எடுத்திருக்கினம். கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டாட்டி அந்த வருஷ இடம் போயிடும் எண்டபடியால், காத்திருந்த அடுத்த ஆளுக்குக் குடுத்திட்டினம். தீர்மானம் நிறைவேறீட்டுதாம். அந்தப் பிள்ளைக்கு அங்கயிருந்தே ஃபோன் பண்ணிச் சொல்லியும் போட்டினமாம்.

"ஐயா, செத்த பிரேதத்தை ஒரு நாளாவது வீட்டில வைப்பினமே! நான் செத்த அண்டைக்கே என்ர இடத்தை எடுத்துக் குடுத்திட்டியளோ?" எண்டு கத்தினன். கத்தினது கீழ நகைக்கடைக்கும் கேட்டிருக்கும். "ஒரு ஃபோன் எடுத்துக் கேக்கேலாதோ?"

"எடுத்தனாங்கள் தங்கச்சி. நீர் எடுக்கேல்லை. செத்த ஆள் எடுக்காதுதானே எண்டு..." மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்கத் தொடங்கினார். பிறகு மெல்ல, "மற்றது, மாறீட்டீர் எண்டும் ஒரு கதை வந்தது. இப்ப உம்மைப் பார்க்கத் தெரியுது, பொய்தான். ஆனா பெட்டிக்குள்ள படுத்தது உண்மைதானே? சபையில சிலபேர் அதையும் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்" எண்டார்.

"சோத்துக்குப் படுத்தனான் ஐயா."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். நல்ல மனிசன், ஆனா முதுகெலும்பை எங்கயோ மறந்து வைச்சிட்டு வந்த மனிசன். கடைசியில ஒரு வழி சொன்னார். அந்தப் பிள்ளை தானா விட்டுக்குடுத்தா, தீர்மானத்தை மாத்தலாம். "நாங்கள் குடுத்திட்டு நாங்களே கேக்கிறது வடிவில்லை. நீர் ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாருமன்" எண்டு கொலன்னாவை விலாசம் ஒண்டு தந்தார். நாளைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வீட்டயும் போகேல்லை. நேர அங்கதான் வெளிக்கிட்டன்.

பஸ்ஸிலயும் பிறகு ஓட்டோவிலயும் இருந்து சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனன். தங்கச்சி, பிழையா நினைக்காதையும், இது என்ர இடம். நான் பாதி எழுதிட்டன். நீர் இன்னும் தொடங்கேல்லை. அடுத்த வருஷம் உமக்குக் கிடைக்கும், எனக்கு அடுத்த வருஷம் இல்லை. எல்லாம் நியாயமான கதை. இப்பவும் கேட்டா, ஒரு சொல்லும் பிழையில்லை எண்டுதான் சொல்லுவன். அவ்வளவு கோவம் எனக்கு. ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால என்னைப் பார்த்துப் பார்த்து ஓடினார். தன்னோட கதைக்கிற விசர் எண்டு நினைச்சிருப்பார்.

எண்ணெய்த் தாங்கியளுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை. ஒட்டி ஒட்டி வீடுகள். காத்தில டீசல் மணம். கேட்டுக் கேட்டுப் போய் ஒரு நீலக் கதவில தட்டினன். திறந்தே இருந்தது, தட்டத் தள்ளுப்பட்டு முழுசாத் திறந்தது.

நேர் எதிர்ச் சுவரில நான்.

கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். வட்ஸப்பில சுத்தின பெட்டிப் படத்தில முகத்தை மட்டும் வெட்டி, கடையில குடுத்து அச்சடிச்சு, பிளாஸ்டிக் பிரேம் போட்டிருக்கு. மல்லிகைச் சரம். கீழ ஒரு சின்னத் தட்டில விளக்கு எரியுது. பக்கத்தில ஒரு கப் தேத்தண்ணி, ரெண்டு மாரி பிஸ்கட். ஒரு வருஷமாப் பெட்டிக்குள்ள கிடந்தனான், சத்தியமாச் சொல்லுறன், நான் செத்துப்போனன் எண்டு ஒரு நாளும் எனக்குத் தோணினதில்லை. அந்த வாசலில நிக்கேக்குள்ளதான் தோணினது. கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டன்.

உள்ளுக்கிருந்து ஒரு அம்மா வந்தா. மலைநாட்டுப் பக்கத்து ஆக்கள் எண்டு கதையில விளங்கினது. "யாருங்க?" எண்டவ, என்ர முகத்தைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, திரும்ப முகத்தைப் பார்த்தா. கத்தேல்லை. கிட்ட வந்து என்ர கையைப் பிடிச்சு அமத்திப் பார்த்தா. சூடு இருக்கோ எண்டு பார்த்திருக்கிறா.

"நான் சாகேல்லை அம்மா" எண்டன். "அது ஒரு பிழையான செய்தி."

"ஐயோ முருகா" எண்டு நெஞ்சில கை வைச்சா. கண்ணால தண்ணி கொட்டினது. "நல்லா இருக்கியா தாயி? நல்லா இருக்கியா?" எண்டு என்ர தலை, தோள், கை எல்லாம் தடவினா. பிறகு படத்தைக் காட்டிச் சொன்னா: "யாரு பெத்த புள்ளையோ, நீ போனதாலதானே எங்க புள்ளைக்கு இடம் கெடச்சுது. சும்மா எடுத்துக்கக் கூடாதுல்ல. அதான், முப்பத்தொன்னாம் நாளு காரியம் வரைக்கும் தெனம் ஒரு வெளக்கு ஏத்தலாம்னு..."

என்ர சொந்தம் பந்தம் அவ்வளவு பேர் வந்து தேத்தண்ணி குடிச்சுப் போச்சினம். சபையில எழும்பி நிண்டு ரெண்டு நிமிஷத்தில என்னை முடிச்சினம். முன்பின் தெரியாத இந்த மனிசி எனக்கு முப்பத்தொண்டு வரைக்கும் விளக்கு வைக்க இருந்தா. பஸ்ஸில பாடமாக்கின கதை ஒண்டும் எனக்கு வாயில வரேல்லை.

அப்பதான் மகள் வந்தா. இருபத்திரண்டு, இருபத்திமூண்டு வயசிருக்கும். குளிச்ச ஈரத் தலை. புறக்கோட்டையில ஒரு புடவைக்கடையில நிண்டவளாம், அண்டைக்குக் காலமைதான் வேலையை விட்டிட்டு வந்தவளாம். மேசையில புதுக் கொப்பியள், உறை போட்டபடி. தாய் நடந்ததைச் சொன்னா. பெட்டை என்னைப் பார்த்துக்கொண்டே நிண்டாள். முதல் அவளின்ர முகத்தில சந்தோஷம்தான் வந்தது. உண்மையான சந்தோஷம், அதை நான் கண்டன். அது வந்து முடியிறதுக்குள்ள பின்னால இன்னொண்டு வந்தது.

"அப்ப, எனக்கு இல்லியாக்கா?" எண்டு கேட்டாள்.

கேட்டிட்டு உடன வாயைப் பொத்தினாள். "ஐயோ, மன்னிச்சிருங்க அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களே, அதுவே போதும், நான் தப்பாக் கேட்டுட்டேன்" எண்டு அழுதாள். நான் உயிரோட வந்து நிண்டது ஒரு பிள்ளைக்கு அடி வயித்தில விழுந்த அடி. அதை நேர பார்க்கிறது எப்பிடி இருக்கும் எண்டு எந்தப் புத்தகத்திலயும் நான் படிக்கேல்லை. அவளில எனக்கு ஒரு துளி கோவமும் வரேல்லை. எனக்கு எல்லாரிலயும் கோவம் வந்தது. வருஷத்துக்கு ஒரு ஆள் எண்டு வைச்ச சபையில, வாசிக்காமல் அனுப்பின விரல்களில, என்னிலயும்.

தாய் அந்தரப்பட்டுச் சுவருக்கு ஓடினா. "உசிரோட இருக்கிற புள்ள படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கோமே, என்ன பாவம் இது, இருங்க, கழட்டிடறேன்" எண்டு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, பிரேமில கை வைச்சா.

"கழட்டாதேங்கோ அம்மா" எண்டன். "அது அங்கயே இருக்கட்டும்."

தாய்க்கு விளங்கேல்லை. கதிரையில நிண்டபடி திரும்பிப் பார்த்தா. பெட்டைக்கு விளங்கீட்டுது. நிலத்தில இருந்திட்டாள்.

இதைப் புண்ணியம், தியாகம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லவேண்டாம். வீட்ட போக அம்மா பேசின பேச்சைக் கேட்டிருந்தா சொல்லமாட்டியள். ரெண்டாம் வருஷத்துக்கு என்ன செய்யிறது எண்டு அந்த நேரம் எனக்கு ஒரு யோசனையும் இல்லை. ஃபாதரிட்டக் கெஞ்சி இன்னொரு வகுப்பிலயும் சாக ஓம் எண்டு, கட்டணத்தைத் துண்டு துண்டாக் கட்ட விடுங்கோ எண்டு கேட்டதெல்லாம் பிறகு. அந்த நேரம் எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. தலை சுத்தினது.

விளக்கடியில இருந்த பிஸ்கட்டைக் காட்டி, "அது எனக்குத்தானே?" எண்டு கேட்டன்.

அந்த அம்மா தலையாட்டினா. ரெண்டையும் எடுத்துச் சாப்பிட்டன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதையும் குடிச்சன்.